துரை கை காட்டினால்

வீரசிங்கத்திடம் கார் இருந்தது. ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள முடியாமல் இல்லை, மனம் வரவில்லை. ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே தலைமைக் கிராணியாக இருக்கிறவர், அதுவும் யாழ்ப்பாணத்தில் நல்ல பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்துவிட்டுக் கப்பலேறிக் கோலாலம்பூருக்கு வந்தவர், தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வீதியில் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. பின் ஆசனத்தில் சாய்ந்து உட்காரத்தான் கார், முன் ஆசனம் சம்பளக்காரனுக்கு என்று முடிவு கட்டியிருந்தார். மற்றபடி மனிதரிடம் பெரிய கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. குடிக்க மாட்டார். மனைவியிடம் குரலை உயர்த்த மாட்டார். இந்தக் கௌரவம் ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு அவர் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும்.

முன் ஆசனத்துக்கு வந்தவன் நாகையா. பந்திங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவி, பிறகு தோட்டத்து லோரியில் ஓட்டப் பழகியவன். ஆள் உயரம், பேச்சு குறைவு, வண்டியைக் குலுங்காமல் ஓட்டுவான். அவன் மனைவி மாரியாயி இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் மரம் சீவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச காலம் பார்க்கிறேன், வேலை சரியாக இருந்தால் என் குவாட்டர்ஸின் பின்னறையைத் தருகிறேன், அவளைக் கூட்டிவந்து வைத்துக்கொள் என்று வீரசிங்கம் சொல்லியிருந்தார். அந்த அறையைத் தவிர நாகையாவுக்கு உலகத்தில் வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. வேலை ஓய்ந்த நேரமெல்லாம் அந்தப் பூட்டிய அறையின் வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பான். அடித்த சுவருக்கே மறுபடியும் அடிப்பான்.

சிக்கல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. கந்தசுவாமி கோயிலில் பூசை முடிந்து வீரசிங்கமும் அவர் மனைவி இராசேஸ்வரியும் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். பங்சார் தோட்டத்துப் பக்கம் ஏறும் மேட்டில் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தி லைசென்சு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மலாய்க் கான்ஸ்டபிள், ஒரு சீக்கியக் கான்ஸ்டபிள், அவர்களுக்கு மேலே ஒரு வெள்ளைக்கார அதிகாரி. கான்ஸ்டபிள் கை காட்டியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவர்களுக்கு நாகையா எத்தனையோ தடவை ஒழுங்காக நிறுத்தியிருக்கிறான். அன்று கை காட்டியவர் வெள்ளைக்காரர்.

கார் நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே நாகையா கதவைத் திறந்து குதித்துவிட்டான். தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓடிப்போய் லோங்கான் என்கிற சாலையோரச் சாக்கடைப் பக்கத்தில் கைகட்டித் தலைகுனிந்து நின்றான். பிரேக் போடவில்லை. மேட்டில் நின்ற கார் மெதுவாகப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. உள்ளே தலைமைக் கிராணியும் மனைவியும், அவள் மடியில் சிநேகிதர் வீட்டுக்குக் கொண்டுபோன பலகாரத் தட்டு. பின்னால் ஏறி வந்துகொண்டிருந்த மாட்டுவண்டிக்காரன் போட்ட கூச்சலில் மாடே மிரண்டது. வெள்ளைக்கார அதிகாரி ஓடிவந்து மிதிபலகையில் தொற்றி, திறந்து கிடந்த கதவு வழியாகக் கையை விட்டுக் கைப்பிரேக்கை இழுத்தார். அதற்குள் பின்சக்கரம் ஒன்று லோங்கானுக்குள் இறங்கிவிட்டது. பலகாரம் முழுக்க வீரசிங்கத்தின் வெள்ளைக் காற்சட்டையில் இருந்தது.

அதிகாரி கோபக்காரர் இல்லை. மூச்சு வாங்கியபடி இங்கிலீஷில் வீரசிங்கத்திடம் சொன்னார்.

"நிறுத்தச் சொன்னால் ஓட்டுகிறவன் இடப்பக்கம் ஒதுக்க வேண்டும். நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நான் அவனிடம் வருவேன். கேட்டதற்குப் பதில் சொல்லிக் கேட்டதைக் காட்டினால் போதும். குதித்து ஓடி வருகிறவன் என்னை அடிக்க வருகிறானா, தப்பி ஓடுகிறானா என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்னொரு தடவை இப்படிச் செய்தால் இவன் லைசென்சை எடுத்துவிடுவேன்."

வீரசிங்கம் அத்தனைக்கும் "யெஸ் சார்" போட்டார். வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றக்கூட இல்லை, நாகையாவை வாசலில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா இறங்கினனீ? ஆர் உன்னை இறங்கச் சொன்னது?"

"தெரியலிங்கய்யா. தொரை கைய காட்டுனாரு. காலு தானா எறங்கிருச்சு."

"லோரி ஓட்டேக்கையும் உப்பிடித்தான் குதிச்சனியோ?"

"ஆமாங்கய்யா. லோரியில கூட ஒரு ஆளு வருவான். நான் குதிச்சா அவன் சக்கரத்துக்குக் கட்டை குடுத்துருவான்."

மிச்சத்தை அவன் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். தலைத்துண்டு கக்கத்துக்குப் போய்விட வேண்டும். சைக்கிள் பழகிய புதிதில் நாகையா ஒரு தடவை இறங்கத் தவறிவிட்டான். இறங்கத் தெரியாமல்தான், வீம்பில் அல்ல. துரை கைத்தடியைச் சக்கரக் கம்பிக்குள் விட்டார். விழுந்ததில் முன்பல் போயிற்று. அன்றிலிருந்து வெள்ளைக் கை ஒன்று உயர்ந்தால் அவன் மனம் யோசிப்பதற்கு முன்னால் உடம்பு இறங்கிவிடும். எழுத்தில் இல்லாத சட்டம் இது. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான கால்களுக்கு மனப்பாடமான சட்டம்.

வீரசிங்கம் அவனை அன்றே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அது அவருடைய நல்ல குணம், அதைச் சொல்லத்தான் வேண்டும். இவனைத் திருத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பியதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மறுநாள் மாலையிலேயே பாடம் ஆரம்பமாயிற்று. குவாட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த வெளியில் நாகையா காரை ஓட்டி வர வேண்டும். வீரசிங்கம் வெள்ளைக்காரர் போடுகிற பெரிய தொப்பியைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்று கை காட்டுவார். காட்டினார். நாகையா அழகாக ஒதுக்கி, பிரேக் போட்டு, என்ஜினை அணைத்து, சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். எத்தனை தடவை காட்டினாலும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"இப்ப மட்டும் ஏன்டா கால் இறங்கேல்லை?"

"ஐயா ஐயாவாத்தானே இருக்கீங்க. பயம் வரமாட்டேங்குது."

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த இராசேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீரசிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவரும் உள்ளே போனார்.

வழி சொன்னவள் இராசேஸ்வரிதான்.

"இஞ்சேருங்கோ, காலுக்குப் பாடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. கைக்குச் சொல்லுங்கோ. ரெண்டு கையாலையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தானெண்டால் கால் என்னெண்டு தனியா இறங்கும்? என்ன நடந்தாலும் கையை விடக்கூடாது எண்டு சொல்லி வையுங்கோ."

அப்படியே சொன்னார்கள். வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க வரும் நேரமாகப் பார்த்து வீரசிங்கம் நாகையாவைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் பெரிய திடலைச் சுற்றுவார். எதிரே ஒரு துரை நடந்து வந்தால் காரை ஓரமாக நிறுத்தச் சொல்வார். "கையை விடாதை. என்ன நடந்தாலும் விடாதை" என்று பின்னாலிருந்து ஓதிக்கொண்டே இருப்பார். முதல் நாட்களில் நாகையாவின் தோள் இரண்டும் நடுங்குவது பின் ஆசனத்திலிருந்து நன்றாகத் தெரியும். நடைபாதையில் போன வெள்ளைக்காரர் யாருக்கும் தங்களை வைத்து ஒரு பாடம் நடக்கிறது என்பது தெரியாது. மெல்ல மெல்ல நடுக்கம் குறைந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் சாலையில் அதே அதிகாரி, அதே கை. நாகையா இடப்பக்கம் ஒதுக்கினான். நிறுத்தினான். கைப்பிரேக், என்ஜின், பிறகு இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அதிகாரி நிதானமாக நடந்து வந்து சன்னலோரம் நின்றார். லைசென்சு கேட்டபோது அவன் ஒரு கையை மட்டும் மெதுவாக எடுத்துச் சட்டைப்பையிலிருந்து கொடுத்தான். அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "குட்" என்றார். நாகையாவின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் காரை நிறுத்தி, "ஒரு நிமிசங்கய்யா" என்று சொல்லி இறங்கிப் போய், ஒரு மரத்தடியில் நின்று அழுதுவிட்டு வந்தான். வீரசிங்கமும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்று அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். அதோடு நின்றிருக்கலாம்.

அலுவலகத்தில் சொன்னார், வாசிகசாலையில் சொன்னார், கோயிலில் செருப்பு மாட்டும் நேரத்திலும் சொன்னார். தோட்டத்துக் கூலி ஒருவனைத் துரை முன்னால் நிமிர்ந்து உட்காரப் பழக்கிவிட்டேன் என்று. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அறைச் சாவியை நாகையாவிடம் கொடுத்தார். மாரியாயி தோட்டத்தில் முறைப்படி சொல்லி வேலையை விட்டாள். அவளைக் கூட்டி வரும் நாளும் குறித்தாயிற்று.

பஸ்ஸில் போய்க் கூட்டி வந்துவிடுகிறேன் என்றுதான் நாகையா சொன்னான். வீரசிங்கம் கேட்கவில்லை. காரில் போவோம், நானும் வருகிறேன், உன் பெண்சாதி காரில் ஏறிப் போவதை அந்தத் தோட்டம் பார்க்கட்டும் என்றார். இராசேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை.

"தோட்டத்துக்குள்ளை காரைக் கொண்டு போகாதேங்கோ. பெரிய சடக்கிலையே நிப்பாட்டுங்கோ, அவள் நடந்து வரட்டும்."

"ஏன், நாங்கள் என்ன களவெடுக்கவே போறம்?" என்றார் வீரசிங்கம். இந்தப் பதிலை நினைத்துப் பிற்காலத்தில் அவர் எத்தனை தடவை நெஞ்சில் அடித்துக்கொண்டாரோ தெரியாது.

பந்திங் தாண்டித் தார்ச்சாலையான பெரிய சடக்கிலிருந்து செம்மண் பாதையில் திரும்பியபோது பிற்பகல். பால் நிறுத்து முடிந்து ஆட்கள் தங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரையும் அதை ஓட்டி வருகிற நாகையாவையும் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். சிலர் சிரித்துக் கை அசைத்தார்கள். லயத்து முனையில் மாரியாயி ஒரு தகரப் பெட்டியோடும் துணி மூட்டையோடும் நிற்பது தெரிந்தது. இடையில் ரப்பர்ப் பால் உறைய வைக்கும் கொட்டகை. அதன் வாசலிலிருந்து தோட்டத்துத் துரை வெளியே வந்தார். காரைப் பார்த்தார். கைத்தடியை உயர்த்தினார்.

நாகையா ஒன்றையும் தவற விடவில்லை. இடப்பக்கம் ஒதுக்கினான். நிறுத்தினான். கைப்பிரேக் போட்டு என்ஜினை அணைத்தான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தான். தலைத்துண்டு தலையில் இருந்தது. பின் ஆசனத்திலிருந்த வீரசிங்கத்துக்கு, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

போலீஸ்காரர் கை காட்டினால் உட்கார், தோட்டத்துத் துரை கை காட்டினால் இறங்கு என்று அவனுக்கு யாரும் பிரித்துச் சொல்லியிருக்கவில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது வெள்ளைக் கை உயர்ந்தால் உட்கார் என்பது மட்டும். ஒவ்வொரு துரையாகக் காட்டிக் காட்டி அப்படித்தான் பழக்கினார்கள். பழக்கியவருக்கு இரண்டு சட்டமும் தெரியும். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

துரை நின்றார். அவன் இறங்குவதற்காக நின்றார். இறங்கு என்று வாய்விட்டுச் சொல்வது அவருக்குக் குறைச்சல். நாகையாவும் காத்திருந்தான். அந்த அதிகாரியைப்போல் இவரும் சன்னலோரம் வந்து எதையாவது கேட்பார் என்று காத்திருந்தான். சடக்கோரத்தில் ஆட்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். துரையின் கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது.

வீரசிங்கம் இறங்கினார். நிலைமையை விளக்கத்தான் இறங்கினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் காலைத் தரையில் வைத்ததும் அவர் கை தானாகத் தொப்பியைக் கழற்றிவிட்டது. இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

துரை இங்கிலீஷில் கேட்டார். "இவன் உன் ஆளா?"

"என் ஆள்தான், சார்."

"என் முன்னால் உட்கார்ந்திருக்க இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

பதில் சின்னது. கோலாலம்பூர்ப் போலீஸ் அதிகாரியின் உத்தரவு, சார், நான்தான் பழக்கினேன். அவ்வளவுதான். சொல்வதற்கு இங்கிலீஷும் இருந்தது, நியாயமும் இருந்தது. துரை அவரை என்ன செய்துவிட முடியும்? ரயில்வேயில் பெரியவருக்கு ஒரு வார்த்தை சொல்லலாம், மிஞ்சிப்போனால் ஒரு பதவி உயர்வு தள்ளிப்போகும். அந்த ஒரு கணத்தில் வீரசிங்கத்துக்கு அது உயிர் போகிற விஷயமாகத் தெரிந்தது. ஆயுள் முழுக்க மேலதிகாரிகளுக்கு முன்னால் "யெஸ் சார்" சொல்லிப் பழகிய வாய் அதற்குப் பழகியபடி பேசியது.

"புதிய ஆள், சார். திமிர் பிடித்தவன். நான் எத்தனை சொல்லியும் கேட்பதில்லை. திரும்பிப் போனதும் வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறேன், சார்."

துரை தலையசைத்தார். பிறகு சன்னல் பக்கம் போய்க் கைத்தடியை ஓங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலக்கையின் மேல் அடித்தார். நாகையா கையை விடவில்லை. இன்னொரு அடி. விடவில்லை. தலையை மட்டும் திருப்பி வீரசிங்கத்தைப் பார்த்தான். என்ன நடந்தாலும் விடாதே என்று சொன்னவர் அவர். விடு என்று அவர் சொன்னால் விட்டிருப்பான். கையை எடு, நாகையா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வீரசிங்கத்தின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எலும்பு உடைகிற ஓசை கேட்டது. பிறகுதான் துரை தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.

மாரியாயி பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக ஸ்டியரிங்கிலிருந்து பிரித்து எடுத்தாள். அவனுடைய தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினாள்.

வீரசிங்கத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் நாகையாவே ஓட்டினான், இடக்கை ஒன்றால், கிள்ளான் ஆஸ்பத்திரி வரைக்கும். கியர் மாற்ற அந்தக் கையை எடுக்கும்போதெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரியாயி ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன் அவள் காரில் ஏறியதே கிடையாது. அவள் காரில் போவதைத் தோட்டம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் பின்னால் இருந்தார். மாரியாயி கேட்டாள்.

"ஐயா தொரைகிட்ட என்ன சொன்னீங்க?"

நாகையா முந்திக்கொண்டான். "எனக்காகத்தான் பேசுனாங்க புள்ள. இங்கிலீசுல. நின்னு மொகத்தப் பாத்து பேசுனாங்க. ஐயா மட்டும் பேசலன்னா தொரை அதோட விட்டிருப்பாரா? மண்டையில போட்டிருப்பாரு."

மாரியாயி ஆசனத்தில் திரும்பி, பின்னால் இருந்தவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது. "நீங்க நல்லா இருக்கணும் சாமி" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். "சடக்கைப் பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னார் வீரசிங்கம்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டு அவிழ்ந்தபோது வலக்கையின் இரண்டு விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன. முழுக்க நீளவும் இல்லை, முழுக்க மூடவும் இல்லை. அதுவரை நாகையாவும் மாரியாயியும் பின்னறையில்தான் இருந்தார்கள். மாரியாயி வீட்டு வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்தாள். பால்காரனிடமும் வண்ணானிடமும் எங்கள் ஐயா துரையிடம் இங்கிலீஷில் சண்டை போட்டவர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீரசிங்கம் அலுவலகம் போகப் பின்வாசல் வழியை விட்டுவிட்டு முன்வாசலால் சுற்றிப் போகத் தொடங்கினார்.

இராசேஸ்வரி ஒரு நாள் சாப்பாடு போடும்போது கேட்டாள். "உண்மையா நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவளுக்கு விளங்கிவிட்டது.

"அவனிட்டைச் சொல்ல ஏலாட்டில் விடுங்கோ. அந்தப் போலீஸ் அதிகாரியிட்டையாவது சொல்லுங்கோ. அந்த மனுசன் சொன்னபடிதானே இவன் இருந்தவன். இவனிலை பிழை இல்லை எண்டு ஒரு இடத்திலையாவது பதியட்டும்."

அதற்கு ஒரு சந்தர்ப்பமும் வந்தது. லைசென்சைப் புதுப்பிக்கும் நாளில் வீரசிங்கம் தானே கூடப் போனார். முதல் நாள் முழுக்க இங்கிலீஷில் வாக்கியங்களைச் சேர்த்து மனப்பாடம் செய்திருந்தார். ரிக்ஷாவில் போகும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. அன்று அவர் உண்மையைச் சொல்லத்தான் போனார்.

அதே அதிகாரி. நாகையாவை அவருக்கு ஞாபகம் இருந்தது, சிரித்தார். தன் கையை நீட்டி அதை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நாகையா பிடித்தான். அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. அவன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வீரசிங்கத்திடம் கேட்டார்.

"இது எப்படி ஆனது?"

அறையில் வேறு ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். தோட்டத்துத் துரைகள் போடுகிற மாதிரி காக்கி அரைக்காற்சட்டை. அவர் யாரோ, எவரோ. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"காரை ஸ்டார்ட் பண்ணுகிற இரும்புக் கம்பி திருப்பி அடித்துவிட்டது, சார்," என்றார் வீரசிங்கம்.

அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார். "கம்பி அடித்தால் மணிக்கட்டு போகும். இங்கே விரல் கணுக்களின் மேல் கோடாகத் தழும்பு இருக்கிறது. யாராவது அடித்தார்களா? அடித்திருந்தால் சொல், நான் எழுதிக்கொள்கிறேன்."

"இல்லை, சார். கம்பிதான், சார்."

அதிகாரி பெருமூச்சு விட்டு லைசென்சை மேசை இழுப்பறைக்குள் போட்டார். "வருத்தமாக இருக்கிறது. இந்தக் கையோடு இவனை ஓட்ட விட முடியாது. நன்றாக உட்காரக் கற்றுக்கொண்டவன்," என்றார். கடைசி வாக்கியத்தை நாகையாவைப் பார்த்துச் சொன்னார். அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் குரலில் இருந்த இரக்கம் விளங்கியது, தலையைத் தாழ்த்தினான்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றார்கள். நாகையா லைசென்சைப் பற்றி அல்ல, அறையைப் பற்றித்தான் பேசினான்.

"பங்சார் தோட்டத்துல மாரியாயிக்கு வேல தர்றோம்னு சொல்லியிருக்காங்கய்யா. நாளைக்கு அறைய காலி பண்ணிடுறோம்."

"ஆர் உன்னைப் போகச் சொன்னது? அறை கிடக்குது. இரு."

"வண்டி ஓட்டுறவனுக்குன்னு குடுத்த அறைங்கய்யா. ஓட்டாம இருக்குறது மொறையில்ல." பிறகு கேட்டான். "உள்ள ரொம்ப நேரம் பேசுனீங்க. நடந்ததெல்லாம் போலீசு தொரைகிட்ட சொல்லிட்டீங்களாய்யா? நான் எறங்காம இருந்தது திமிருல இல்லன்னு சொன்னீங்களா?"

வீரசிங்கம் வீதியைப் பார்த்தார்.

"சொல்லிப்போட்டன்," என்றார்.

"அது போதுங்கய்யா," என்று நாகையா கும்பிட்டான். மடங்கிப்போன இரண்டு விரல்கள் மட்டும் மற்ற விரல்களோடு சேரவில்லை.